பொய் பாய்லர்

அவளோடு குடை வாங்கப் போனது நான் செய்த பெரிய தவறு. மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு கடை. ஆடி மாசம். கடைக்காரர் குடையை விரித்துக் காட்டினார், மடக்கிக் காட்டினார், பட்டனை அழுத்தி இன்னொரு தரம் விரித்தார். வேறு யாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது இங்க இருக்கட்டுங்க. குடையைக் காவேரிப் பாலம் வரைக்கும் கொண்டுபோயிட்டு வந்துடறேன்."

"பாலத்துக்கா? எதுக்கும்மா?"

"கடைக்குள்ள காத்து இல்லீங்களே."

போனோம். பாலத்தின் நடுவில் நின்று, காற்று வரும் திசைக்கு எதிராகக் குடையை நீட்டினாள். அது ஒரே நொடியில் மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானமே போனது. திரும்பி வந்து குடையைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர், "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், குடை திரும்பாதாம்மா?" என்றார். "திரும்பட்டுங்க. திரும்பினா மறுபடி மடங்கணும்ல, இது மடங்கல" என்றாள். அன்று மூன்று தரம் பாலத்துக்கு நடந்தோம். மூன்றாவது குடையை வாங்கினாள்.

அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியவும் தெரியாது. எல்லோருக்கும் அவள் பாய்லரம்மாதான். இருபத்தாறு வயசுக்காரிக்கு அம்மா பட்டம்! எனக்கும் அதே வயசுதான்; ஆனால் என்னை யாரும் அம்மா என்று சொன்னதில்லை.

துவாக்குடிப் பக்கத்தில், பாய்லர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி அது. பாய்லரில் எப்போது எண்ணெய் பீய்ச்ச வேண்டும், எப்போது பொறி வைக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் எப்போது எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். எண்பதுகளின் நடுவில், பெட்டிக்குள் ஒரு சின்னச் சிப்பை வைத்து அதையே யோசிக்க வைக்க ஆரம்பித்திருந்தோம். அந்தச் சிப்புக்குப் புரோகிராம் எழுதியவள் நான். இஞ்சினியரிங் டிகிரி, முதல் வகுப்பு, தலைக்கனத்துக்கும் குறைவில்லை. அவள் டிப்ளமோ. நான் எழுதியதைச் சோதிப்பது அவள் வேலை; அவள் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். நான் ஸ்ரீரங்கத்தில் வேன் ஏறுவேன், அவள் பாலக்கரையில் ஏறுவாள். ஏறினதும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் எத்தனை முறை பிரேக் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டே வருவாள். டிரைவர் என்னிடம் தனியாக, "அவங்களைப் பின்னாடி சீட்ல உக்காரச் சொல்லுங்கம்மா, எனக்குக் கைகால் ஓட மாட்டேங்குது" என்று கெஞ்சியிருக்கிறார்.

சோதிக்க வேண்டுமென்றால் பாய்லர் வேண்டுமே? நிஜப் பாய்லர் ஒரு வீடு மாதிரி இருக்கும். எங்கள் கூடத்தில் எங்கே வைப்பது? அதனால் அவளே ஒன்று செய்தாள். கட்டில் அகலத்துக்கு ஒரு மரப்பலகை. அதில் டார்ச் பல்புகள், வரிசையாகச் சுவிட்சுகள், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், நீராவி அழுத்தத்துக்கு ஒரு சைக்கிள் பம்ப். கேட்டால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது, இல்லையா? அதைச் செய்வதற்கு முன்னால், அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் நிஜ பாய்லர்களுக்குப் பக்கத்தில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தாள். பொறி வைத்து எத்தனை நொடியில் தீப் பற்றுகிறது, தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு வந்து, அதன்படிதான் பல்புகளை எரிய வைத்தாள். நாங்கள் அதைப் பொய் பாய்லர் என்போம். அவளுக்குக் கோபம் வரும்.

"பொய்யாமே பொய்! நெஜ பாய்லர் பாதி நாள் ஒழுங்கா இருக்கும்டி. அதோட கெட்ட புத்தி பூராவும் இதுலதான் இருக்கு."

பெட்டியை அந்தப் பலகையோடு இணைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தால் அவளே பாய்லராகிவிடுவாள். "இப்ப எனக்குத் தண்ணி குறையுது. என்ன பண்ணப்போற?" என்று பெட்டியைக் கேட்பாள். "எனக்குத் தீ பத்தல. சும்மாவா நிக்கிற?" என்பாள். புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருநாள் கதவுக்கு வெளியே, "எனக்கு அடைக்குது, இன்னும் கொஞ்ச நேரத்துல வெடிச்சுடுவேன்" என்று ஒரு பெண்குரலைக் கேட்டுவிட்டு, சோடா வாங்க ஓடினார். வாங்கி வந்த சோடாவை அவள் மறுக்காமல் குடித்தாள்.

அவளிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பக்கத்துக்கு மூன்று பத்தி. 'நான் நினைச்சது', 'நான் செஞ்சது', 'அது செஞ்சது.' முதல் பத்தியைச் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னாலேயே பேனாவால் எழுதிவிட வேண்டும். பென்சில் கூடாது, அடிக்கவும் கூடாது. "எல்லாம் பாத்துட்டு அப்புறம் எழுதினா என்னடி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாத்துட்டு எழுதினா கண்ணு ஜால்ரா போடும். எது நடந்தாலும், ஆமா ஆமா, இதைத்தான் நெனச்சேன்னு சொல்லும்."

இந்தப் புத்தி வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவளைப் பெண் பார்க்க வந்தபோது நானும் பாலக்கரையில் அவள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை நல்ல உத்தியோகம், மாதா கோயிலில் பாட்டுக்குழுவில் வேறு பாடுகிறவர். இரண்டு பேரும் கொஞ்சம் பேசட்டும் என்று பெரியவர்கள் நகர்ந்தார்கள். இவள் கேட்டது ஒரே கேள்வி: "கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?" அவர் பவ்யமாக, "எனக்குக் கோவமே வராதுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா, "மாதாவே, இந்தக் கழுதையை யாரு கட்டிக்குவா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"வராதுங்கறான்மா. வராதுன்னு நெனச்சதுக்கு அவன்கிட்ட வழி ஒண்ணும் இருக்காது. வந்துடுச்சுன்னா?"

பிற்பாடு ஒருவர் வந்தார். அதே கேள்விக்குக் கொஞ்சம் யோசித்து, "தட்டைத் தூக்கி எறிவேனுங்க. அப்புறம் நானே பொறுக்கிக் கழுவி வச்சுடுவேன்" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். ஆனால் அது நான் சொல்லவந்த விஷயம் நடந்து இரண்டு வருஷம் கழித்து.

நான் சொல்லவந்தது ஒரு சோப்புத் தொழிற்சாலையைப் பற்றி. சமயபுரம் போகிற வழியில் இருந்தது. அவர்களுடைய பழைய பெட்டியை மாற்றி, நாங்கள் செய்த சிப் வைத்த பெட்டியைப் பொருத்த வேண்டும். எங்கள் கம்பெனிக்கு அதுதான் முதல் சிப் பெட்டி. சோப்பு முதலாளி விஜயதசமியன்று புதுப் பெட்டியை ஓட்டியே ஆக வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார். எங்கள் மேனேஜர் நல்ல மனிதர்தான்; ஆனால் தேதி என்று வந்துவிட்டால் சாமி வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். என்னைக் கூப்பிட்டு, "இது டயத்துக்குப் போச்சுன்னா உங்களை பெர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார். அந்த வருஷம்தான் அப்பா ரிடையர் ஆகியிருந்தார். வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பெட்டியைப் பொருத்தும் இடத்தை அளந்துவர நாங்கள் இருவரும் போனோம். அன்றைக்கு அங்கே சாமி கும்பிடும் நாள். பாய்லரைக் கவனித்துக்கொள்கிற ஆள், வையம்பட்டிக்காரர், எங்களைவிடப் பத்து வயசு மூத்தவர், வாய் நிறைய, "வாங்கக்கா, வாங்க, டீ சாப்பிடுறீங்களா?" என்று வரவேற்றார். முகம் ஏதோ வித்தியாசமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: அவருக்கு இரண்டு புருவமும் இல்லை.

"என்னண்ணே ஆச்சு?" என்று அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அதுவாக்கா? போன மாசம் பாய்லர் கதவு வழியா புஸ்ஸுன்னு ஒரு தடவை நெருப்பு வெளிய வந்துச்சு. பொசுக்கிடுச்சு. பாய்லர்னா அப்பப்ப அப்படித்தான் பண்ணும்."

பிறகு சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு பொட்டு வைக்க ஆரம்பித்தார். எண்ணெய்ப் பம்புக்கு ஒன்று, வால்வுச் சக்கரத்துக்கு ஒன்று, அழுத்தமானிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் கும்பிட்டுவிட்டு, கடைசியாகக் கண்ணுக்கு வந்தார். கண் என்றால், பாய்லருக்குள் தீ எரிகிறதா என்று ஓட்டை வழியாகப் பார்த்துப் பெட்டிக்குச் சொல்லுகிற சின்னக் குழாய். முனையில் கண்ணாடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றி, பயபக்தியோடு துடைத்து, கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தைத் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தார். கண்ணுக்குப் பொட்டு வைத்தால் கண் எப்படிப் பார்க்கும்? எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

சூடம் காட்டி முடிந்ததும், வழக்கப்படி ஒரு தரம் ஓட்டிக் காட்ட வேண்டும். முதலாளி கைகூப்பி நிற்கிறார். பழைய பெட்டி முதலில் பொறி வைத்துச் சின்னத் தீயை மூட்டியது; அது கண்ணுக்குத் தெரியவில்லை; எண்ணெயைத் திறக்காமல் நிறுத்திவிட்டது. இன்னொரு முறை, அதே கதை. வையம்பட்டிக்காரர் கொஞ்சமும் பதறாமல் கண்ணைத் திருகிக் கழற்றினார். கண்ணாடியை வேட்டி நுனியால் லேசாக ஒற்றினார். பொட்டை முழுசாக அழிக்க மனசு வரவில்லை போல. அப்படியே கண்ணைக் கொண்டுபோய்ச் சுவரில் எரிந்துகொண்டிருந்த பல்பின் பக்கத்தில் தொங்கவிட்டார். பல்பு வெளிச்சத்தைத் தீ என்று நம்பிய பெட்டி, எண்ணெயைத் திறந்தது. நல்லவேளை, தீயும் பற்றிக்கொண்டது. எல்லோரும் தேங்காய் உடைக்கப் போனார்கள்.

"எப்பவும் இப்படித்தானாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

"அது சண்டித்தனம் பண்ணிச்சுன்னா பல்பைக் காட்டுவோம்க்கா. அப்புறம் கம்முனு ஓடும்."

"போன மாசம் புஸ்ஸுன்னு வந்துச்சே, அன்னைக்கு?"

"அன்னைக்கும் பல்புதான். ஏன்க்கா?"

"உள்ள தீ அணைஞ்சுபோனா பெட்டிக்குத் தெரியாதேண்ணே. எண்ணெய் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்குமே."

"அணையாதுக்கா" என்றார் அவர், ரொம்ப நம்பிக்கையாக. அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், பல்பின் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்க வைத்து, கண்ணாடியைத் தன் புடவைத் தலைப்பால் சுத்தமாகத் துடைத்து, தானே அதன் இடத்தில் திருகிவிட்டுத்தான் கிளம்பினாள்.

மூன்று மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பினோம். சாப்பிடக்கூட இல்லை, நேரே பொய் பாய்லருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏய், ஒண்ணு சொல்லு. தீ மூட்டறதுக்கு முன்னாடியே கண்ணுக்கு வெளிச்சம் தெரிஞ்சா உன் புரோகிராம் என்ன பண்ணும்?"

"மூட்டாத தீ எப்படிடி தெரியும்?" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.  காலையில்தானே பார்த்தோம்.

அவள் முதல் பத்தியில் எழுதினாள்: 'எண்ணெய் திறந்துக்கும்.' பிறகு, கண்ணுக்கான சுவிட்சை மட்டும் போட்டாள். தீக்கான பல்பை எரிய விடவில்லை. ஓட்டு என்று பெட்டியின் பட்டனை அழுத்தினாள். என் புரோகிராம் ஒழுங்காகத் தன் நொடிகளை எண்ணியது. கண்ணைப் பார்த்தது. தீ இருக்கிறது என்று சந்தோஷப்பட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். எண்ணெய்க்கான சிவப்புப் பல்பு எரிந்தது. தீக்கான பல்பு இருட்டாகவே இருந்தது. அவ்வளவுதான், இரண்டு டார்ச் பல்பு. ஆனால் பழைய பெட்டி செய்த அதே முட்டாள்தனத்தை என் புதுப் பெட்டி இன்னும் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தது.

கண்ணால் பார்த்தாலும் வாய் சும்மா இருக்குமா? "அந்த ஆளு பண்ற தப்புக்கு நான் பொறுப்பா? கண்ணைக் கழட்டாதேன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிடலாம். நீ கையெழுத்தைப் போடு" என்றேன்.

"அவரு தப்புப் பண்ணலடி. பொட்டு வச்சாரு. நல்ல நாளும் அதுவுமா வைக்காம இருப்பாரா? அப்புறம் முதலாளி நிக்கிறாரு, ஓடணும். பல்பைக் காட்டினாரு. அவரு இடத்துல நீ இருந்தாலும் அதைத்தான் பண்ணுவ."

"என் வேலை இதுல இருக்குடி! விஜயதசமிக்குப் போகலன்னா எனக்கு பெர்மனென்ட் ஆகாது. எங்க வீட்டு நெலமை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவருக்குப் புருவம் இல்லடி."

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கு முன்னால் ஓவென்று அழுதேன். மேனேஜர் வந்தார். கையெழுத்துப் போடவில்லை என்றால் ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுவேன் என்றார். "மாத்துங்க சார். அங்கயும் ஒரு நோட்டு வச்சுக்கறேன்" என்றாள். மேனேஜர் என்ன நினைத்தாரோ, கடைசிவரை மாற்றவில்லை. பெட்டி விஜயதசமிக்குப் போகவில்லை.

திருத்தம் எத்தனை வரி தெரியுமா? நாலே வரி. மூட்டுவதற்கு முன்னால் கண்ணைப் பார். இருட்டாக இருந்தால் மேலே போ. வெளிச்சம் தெரிந்தால் பூட்டிக்கொண்டு மணியடி. முதலில் இருட்டைப் பார்த்தால்தான் பிறகு வெளிச்சத்தை நம்ப வேண்டும். ஒரு முற்பகலில் எழுதிவிட்டேன். ஆனால் மகராசி, நாலு வரிக்காக மொத்தச் சோதனையையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். புது வரி பழைய வரிகளை என்ன செய்துவைத்ததோ யார் கண்டது என்றாள். பெட்டி தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் போனது. என் வேலை நிரந்தரமாவது ஆறு மாசம் தள்ளிப்போனது.

நான் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அதே வேன், அதே கூடம், எதிரெதிர் மேசை. புரோகிராம் மாறினால் துண்டுச்சீட்டில் எழுதி வைப்பேன். அவள் முடிவைத் துண்டுச்சீட்டில் எழுதி வைப்பாள். கிறிஸ்துமஸுக்கு என் மேசையில் கேக் வைத்தாள். கேக்கைத் தின்றேன், பேசவில்லை. அவள் செய்ததுதான் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் வீம்பு போய்விடுமா?

பொங்கல் முடிந்த வாரம் வாசலில் ஒரே சத்தம். வையம்பட்டிக்காரர், இரண்டு பஸ் மாறி வந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா பெட்டி செஞ்சு கொடுத்திருக்கீங்க? பொங்கலுக்குக் கழுவிப் பொட்டு வச்சேன். தீ தெரியலன்னு நின்னுச்சு. சரி, எப்பவும் போல பல்பைக் காட்டினேன். ஊரைக் கூட்டுற மாதிரி மணியடிச்சுக்கிட்டுப் பூட்டிக்கிச்சுக்கா! அரை மணி நேரம் கெஞ்சுறேன், அசைய மாட்டேங்குது. முதலாளி முன்னாடி என் மானமே போச்சு. கடைசியில கண்ணாடியைச் சுத்தமாத் தொடச்சு அது இடத்துல வச்சப்புறம்தான் வழிக்கு வந்துச்சு. இவ்வளவு அடம் ஆகுமா ஒரு பெட்டிக்கு?"

அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு புருவமும் முளைத்திருந்தன. இடது பக்கம் கொஞ்சம் கோணல். திட்டுகிற வேகத்தில் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

அவள் அவரை உட்காரவைத்து, டீ சொல்லி, நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "இப்ப சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே." அவர் சொல்லச் சொல்ல எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். "கண்ணாடி மேல மட்டும் வேண்டாம்ண்ணே. பொட்டு வைக்க வெளியில ஒரு இடம் பண்ணித் தரோம்" என்றாள். சொன்னபடி, கண்குழாயின் வெளிப்பக்கத்தில் காலணா அளவுக்கு ஒரு பித்தளை வட்டம் பதிக்கச் செய்தாள். அதற்கப்புறம் நாங்கள் செய்த எல்லாப் பெட்டியின் கண்ணுக்கும் அந்த வட்டம் உண்டு. வரைபடத்தில் இருக்காது. வெளியூர் இஞ்சினியர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள்; பொட்டு வைக்க என்று நான் சொன்னால் கேலி செய்வதாக நினைத்துக்கொள்வார்கள்.

அவரைப் பஸ் ஏற்றிவிட அவள் வாசல் வரை போனாள். நோட்டு என் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. பக்கங்களைப் பின்னால் தள்ளினேன். நாங்கள் சண்டை போட்ட நாளின் பக்கம். எண்ணெய் திறந்துகொண்ட சோதனைக்கு அடியில், பேனாவால், அடித்தல் இல்லாமல் ஒரு வரி இருந்தது.

நான் நினைச்சது: 'அழுவா. திட்டுவா. அப்புறம் சரியா எழுதிடுவா.'

நான் செஞ்சது: 'கையெழுத்துப் போடல.'

அது செஞ்சது: 'நாலு வரி. சுத்தமா இருந்துச்சு.'

அவள் திரும்பி வந்தபோது நான் நோட்டை மூடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மூன்று மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

"இனிமே நான் உன்கூடப் பேசவே மாட்டேன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கியாடி?"

"இல்ல. அதுல மட்டும் தப்பாப் போட்டுட்டேன்" என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "ஒரு வாரத்துல பேசிடுவன்னு போட்டிருந்தேன்."